மைனஸ் 17இல் ஒரு ஐயர்

முதலில் அந்த ஹீட்டர் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஜனவரியில் லடாக்கின் லே நகரத்தில் அறை வாடகை 900 ரூபாய்தான் என்று குதித்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் சொல்கிறார்கள், ஹீட்டருக்குத் தனியாக 500. அதையும் ராத்திரி பத்து மணிக்கு வந்து அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குழாய் எல்லாம் உறைந்துவிட்டதால் காலையில் ஒரு பக்கெட் வெந்நீர் வரும். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர டாக்ஸிக்காரர் 1,200 கறந்தார். பேரம் பேச மூச்சு வேண்டுமே! 3,500 மீட்டர் உயரத்தில் அப்போதுதான் இறங்கிய ஆளுக்கு அது எங்கே இருக்கிறது? வெளிமாநில ப்ரீபெய்ட் சிம்மும் லடாக்கில் வேலை செய்யாதாம். என்னுடையது செத்துக் கிடந்தது.

இத்தனை அவஸ்தைக்கும் காரணம் என் சொந்த ஊர். நான் பொறையாறு. பக்கத்துத் தரங்கம்பாடிக்கு 1760இல் மொரேவியன் சகோதரர்கள் என்று ஒரு ஜெர்மன் மிஷனரிக் கூட்டம் வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்தது. நிக்கோபார் தீவுகளுக்குப் போய்க் காய்ச்சலில் பலபேரைப் பறிகொடுத்து, 1803இல் மூட்டை கட்டிவிட்டார்கள். அதே சபை இமயமலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு ஒரு அரிப்பு. நம் வெயிலில் தோற்றவர்கள் பனியில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள், பார்த்துவிட வேண்டும்.

உண்மையில் இமயமலைப் பக்கம் வந்த மொரேவியன்கள் மங்கோலியாவுக்குப் போகக் கிளம்பியவர்கள். திபெத்துக்குள் விடவில்லை, இமாசலத்து லாகூலில் கேலாங் என்கிற ஊரோடு நின்றுவிட்டார்கள். லேக்கு வந்தது 1885இல். இன்றைக்கு லடாக்கில் சபையார் சில நூறு பேர்தான். அவர்கள் எல்லாரும் லடாக்கிகள், ஐயரும் லடாக்கிதான். (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். மற்றவர்கள் குழம்ப வேண்டாம்.)

நான் போனபோது ஐயர் கடப்பாரையோடு நின்றிருந்தார். வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் மேலே ஒரு சாண் தடிமனுக்கு ஐஸ். ஓரமாக நாலு குத்து, நடுவில் ஒன்று. பிளந்த பாளங்களைக் கையால் தூக்கி அண்டாவில் போட்டு, உள்ளே புகாரி என்கிற விறகுக் கணப்பு அடுப்பின் மேல் வைத்தார். "ஜூலே!" என்று லடாக்கியில் வணக்கம் சொன்னார். "பிரசங்கம் வாரத்துக்கு அரைமணி நேரம். மிச்சமெல்லாம் தண்ணீரும் விறகும்தான்" என்றார். ஹிந்தியில்தான் பேசினோம். அவருடையது நன்றாக இருந்தது, என்னுடையதைப் பற்றி வேண்டாம்.

வசதி உள்ளவர்கள் குளிருக்கு ஜம்மு, டெல்லி என்று இறங்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது வயதானவர்கள். அதனால் குளிர்காலத்தில் அவருக்கு வேலை அதிகம். யார் வீட்டுக் கூரையில் பனி தள்ளவில்லை, யாருக்கு விறகு தீர்ந்தது, யாருக்குப் பிரஷர் மாத்திரை வேண்டும்... ஜெபம் இதற்கு நடுவில் எங்கேயோ வருகிறது. ஸ்ரீநகர் சாலையில் இருக்கிற சோஜி லா கணவாய் மூடிக்கொண்டால் மாத்திரைகூட விமானத்தில்தான் வர வேண்டும்.

மறுநாள் கல்ட்சேவில் ஒரு பாட்டியைப் பார்க்கப் போகிறேன், வருகிறாயா என்றார். லேயிலிருந்து சுமார் 95 கிலோமீட்டர். டாக்ஸி என்றால் என் பட்ஜெட் அங்கேயே சமாதி, ஆகவே பஸ். அந்த பஸ்ஸை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். டீசல் உறைந்துபோய், டேங்குக்கு அடியில் டிரைவர் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்! நான் பத்தடி தள்ளி நின்றேன். மற்றவர்கள் அந்த நெருப்பிலேயே கை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்பியது. என் பக்கத்து ஜன்னல் சரியாக மூடவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் எங்கள் மூச்சே பனியாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால்தான் வெளியே தெரிந்தது. அப்படிச் சுரண்டிய ஓட்டையில்தான் நிம்முவில் சிந்துவும் சான்ஸ்காரும் கூடுகிற இடத்தைப் பார்த்தேன்.

வழி முழுக்க ஐயர் ஒரு கையை மார்புக்குள் விட்டபடியே இருந்தார். நெஞ்சுவலியோ என்று பயந்து கேட்டுவிட்டேன். கோட்டைத் திறந்து காட்டினார். உள்பையில் இருமல் மருந்து பாட்டில் அளவுக்கு ஒரு கண்ணாடிப் பாட்டில், திராட்சரசம். நற்கருணைக்கு. பைக்குள் வைத்தால் உறைந்து பாட்டில் வெடித்துவிடுமாம். ஒருமுறை வெடித்து வேதாகமம் நனைந்ததாம்.

பாட்டி வீட்டுச் சமையலறையில், புகாரி பக்கத்தில், கம்பளத்தில் உட்கார்ந்து ஆராதனை. மொத்தம் ஐந்து பேர், என்னையும் சேர்த்து. படித்தது திபெத்திய வேதாகமம். 1948இல் வெளியான, லடாக்கியரான யோசேப் கெர்கன் உழைத்த மொழிபெயர்ப்பு. எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் 'கொன்ச்சோக்'. பௌத்தர்கள் மும்மணிகளுக்கு (புத்தர், தர்மம், சங்கம்) சொல்கிற சொல்லையே கடவுளுக்கு எடுத்துக்கொண்டார்களாம். சர்வேசுரனா, பராபரனா, தேவனா என்று நம் ஊரில் நடந்த சண்டை நினைவுக்கு வந்தது. எல்லா ஊரிலும் இதே பாடுதான் போல.

பிறகு வந்தது ஸ்கியூ. கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்திச் சிப்பி சிப்பியாக்கி, டர்னிப்போடு வேகவைத்தது. காரம் கிடையாது, புளி கிடையாது. மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீரைப் பற்றி ஊரில் கேலி பேசியிருக்கிறேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சாப்பிடும்போதும் பாட்டி காலுறை பின்னிக்கொண்டே இருந்தார். இந்தக் காலுறை பின்னலைச் சொல்லிக்கொடுத்ததும் மிஷனரிகள்தான் என்றார் ஐயர். ஒரு ஜோடி கொடுத்தார் பாட்டி, காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

திரும்பி வந்ததும் லே கல்லறைத் தோட்டம். அங்கே காரல் மார்க்ஸ் புதைக்கப்பட்டிருக்கிறார். தோழர்கள் பதற வேண்டாம், இவர் வேறு: 1891இல் இங்கேயே இறந்த மிஷனரி டாக்டர். குளிர்காலத்தில் யாராவது இறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மண் கல்லாகிவிடும், மேலே நெருப்புப் போட்டு இளக்கிவிட்டுத் தோண்டுவோம் என்றார்.

"எதை வைத்து?"

"அதே கடப்பாரைதான்."

செலவுக் கணக்கு விவரமாகத் தருகிறேன் என்று போன பதிவில் வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதிவைத்த நோட்டு பஸ்ஸிலேயே போய்விட்டது, மன்னிக்கவும். நினைவில் இருப்பது இவ்வளவுதான். போஸ்ட்பெய்ட் சிம் எடுத்துப் போங்கள். ஹீட்டருக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். இறங்கியதும் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போனால் புகாரிக்குப் பக்கத்து நாற்காலிகளில் உட்காராதீர்கள், அதெல்லாம் பாட்டிமார் இடம். தெரியாமல் உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் எழுப்பிவிட்டார்கள்.