ஆறு பாரத்துக்குள் ஒரு கோடை

விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்த பிறகுதான் எனக்குக் கோடை தொடங்குகிறது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். கவிதையும் எழுதுகிறேன். பருவத் தேர்வு, உள்மதிப்பீடு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்புகள் என்று ஓடும் மாதங்களில் முழுக்கவிதை வருவதில்லை, வரிகள்தான் வரும். டவுன் பஸ்ஸில் ஒன்று, தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்கும்போது ஒன்று. எல்லாம் கைபேசியில் கிடக்கும்.

இந்த வருஷம் கோடை நன்றாக வாய்த்தது. விடியற்காலையில் மொட்டைமாடிக்குப் போனால் எட்டு மணி வரை உட்காரலாம். அக்னி நட்சத்திர நாட்களில் அதற்கு மேல் தளம் கொதிக்கும். புதிதாக எழுதியது குறைவு. கிடந்த வரிகளில் எது எதோடு சேரும் என்று பார்த்ததும், தனியே நன்றாக இருந்தும் கவிதைத் தொகுப்பில் ஒட்டாதவற்றை எடுத்து வைத்ததும்தான் பெரும்பகுதி வேலை. ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து கடைசி இரண்டு வரிகளை வெட்டிவிட்டு மட்டும் எழுந்தேன். நிறைய எழுதிய நாட்களைவிட அந்த நாளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சேதி என்னவென்றால், தொகுப்பைப் பதிப்பாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்துவிடும். "ஆறு பாரத்துக்குள்ள அடக்கிடுங்க சார்" என்றார். அச்சுக் கணக்கில் ஒரு பாரம் 16 பக்கம், ஆறுக்கு 96. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், உள்ளடக்கம், முன்னுரை போக மீதிதான் கவிதைக்கு. ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்றால் எது உள்ளே, எது வெளியே என்பதில் காகிதத்துக்கும் ஒரு குரல் உண்டு. அந்தக் கட்டுப்பாடு எனக்கு உதவியது. ஒரே மனநிலையில் எழுதிய மூன்று கவிதைகளில் ஒன்றே போதும் என்று அதனால்தான் துணிய முடிந்தது.

பிழை பார்ப்பதற்கான மாதிரிப் பக்கங்கள், அதாவது முதல் மெய்ப்பு, வந்தபோது நீண்ட வரிகள் டெமி என்னும் புத்தக அளவில் மடங்கி, கடைசிச் சொல் அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நின்றது. வாசிப்பவர் அதைத் தனி வரி என்றே எடுத்துக்கொள்வார். எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றார் வடிவமைப்பாளர். நான் மடங்கும் சொல்லை உள்தள்ளிப் போடச் சொன்னேன். ஒரே ஒரு கவிதையில் மட்டும் அந்த மடிப்பு சரியான இடத்தில் மூச்சை நிறுத்தியது. அதைத் தனி வரியாகவே வைத்துக்கொண்டேன்.

முதலில் அச்சாவது 300 படிகள்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த சி.சு. செல்லப்பா, தான் பதிப்பித்த நூல்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். தமிழில் கவிதைப் புத்தகம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போயிருக்கிறது. அப்படிப் போவதை நான் விரும்புகிறேன்.

கல்லூரி திறந்துவிட்டது. இரண்டாம் மெய்ப்பை மாலையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விலை இன்னும் முடிவாகவில்லை. 120 ரூபாயைத் தாண்ட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் வாங்க வேண்டும்.