முதல் சொட்டு எண்ணெய் பார்க்க இரண்டு மாதம்

வீட்டில் ஒரு சின்ன வாலை (கொதிக்கவைத்து வரும் ஆவியைக் குளிர்வித்து வடிக்கும் கருவி) வைத்து நறுமண எண்ணெய் வடிக்கலாம் என்று இறங்கியபோது, ஒரு வாரத்தில் கையில் எண்ணெய் இருக்கும் என்று நம்பினேன். இரண்டு மாதம் ஆனது. அதில் மூன்று வாரம், குடுவையும் குழாயும் சேர்கிற ஒரு கண்ணாடி மூட்டுக்காகவே போனது. அந்த எரிச்சல் இன்னும் தீராததால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கண்ணாடி வாலை வாங்குகிறவர்கள், மூட்டில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். 24/29 என்றால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பகுதியின் அகன்ற முனை 24 மில்லிமீட்டர் விட்டம், நீளம் 29 மில்லிமீட்டர். 24/40 வந்தாலும் விட்டமும் சரிவும் ஒன்றுதான், நீளம்தான் வேறு, அதனால் சமாளித்துவிடலாம். எனக்கு வந்த குடுவையின் வாய் 24/29, குளிர்விக்கும் குழாயோ 19/26. உள்ளே விட்டால் தொளதொளவென்று ஆடுகிறது. விற்றவரிடம் கேட்டால் "டேப் சுற்றிக்கொள்ளுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று பதில். கொதிநீராவி போகிற இடத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசத்தை டேப்பால் அடைப்பதா? படம் எடுத்து அனுப்பினேன், மறுபடி எழுதினேன், மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் 24-ஐயும் 19-ஐயும் சேர்க்கிற இணைப்பு ஒன்றை நானே தனியாக வாங்கிப் போட்டேன்.

பார்சலைப் பார்த்தவர்கள் எல்லாரும் சாராயமா என்றுதான் கேட்டார்கள். இல்லை. உரிமம் இல்லாமல் வீட்டில் சாராயம் வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வடிக்கலாம், அது விதிவிலக்கு. சில இடங்களில் வாலையை வைத்திருப்பதற்கே கட்டுப்பாடு உண்டு, அதனால் எண்ணெய்க்குத்தான் என்றாலும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

முதல் முறை ரோஜா. யாருமே ரோஜாவில் தொடங்கக் கூடாது என்று இப்போது அடித்துச் சொல்வேன். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 5,000 கிலோ வரை பூ தேவைப்படும். நான் போட்டதோ அரைக் கிலோ இதழ், அதில் கால் கிராம்கூட வராது. போதாததற்கு, ரோஜா மணத்தில் முக்கியமான ஒரு பொருள் தண்ணீரிலேயே கரைந்துவிடுகிறது. இது தெரியாமல், எண்ணெய் இன்னும் மிதக்கவில்லையே என்று அடுப்பை அணைக்காமல் விட்டுக்கொண்டே இருந்தேன். குடுவையில் தண்ணீர் வற்றி, இதழ்கள் அடியில் ஒட்டிக் கருகி, அந்தக் கருகல் வாடை அதுவரை அருமையாக வடிந்து வந்திருந்த நீர் முழுவதிலும் ஏறிவிட்டது. அரை மணி நேரம் முன்னால் நிறுத்தியிருந்தால் நல்ல பன்னீராவது மிஞ்சியிருக்கும். குடுவையைச் சமையல் சோடா கரைத்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்துத்தான் சுத்தம் செய்ய முடிந்தது.

அடுத்தது எலுமிச்சைப் புல். ஒரு நாள் வாடவிட்டு, நறுக்கி, தண்ணீரில் போடாமல் மேலே தனிக் குடுவையில் வைத்து, கீழிருந்து நீராவி ஏறும்படி செய்தேன். இந்தத் தடவை வேறு கோளாறு: குளிர்ந்து சொட்ட வேண்டியது ஆவியும் சூடுமாக வெளியே வந்தது. குழாய்களை மாற்றி மாட்டியிருக்கிறேன்! குளிர்ந்த தண்ணீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனை வழியாக வெளியேற வேண்டும், அப்போதுதான் குளிர்விக்கும் குழாயின் உறை முழுக்க நிரம்பி நிற்கும். மேலிருந்து விட்டால் பாதி காலியாகவே ஓடிவிடும். மாற்றி மாட்டி, தண்ணீர் வாளியில் பனிக்கட்டி போட்டதும் சரியாகிவிட்டது. மூட்டில் லேசாக ஆவி கசிந்த இடத்தில் மாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன், சூட்டில் இறுகி நன்றாக அடைத்துக்கொண்டது. ஆனால் சொட்டுகிற முனையை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், ஆவிக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் வாலை வெடிக்கும். கொதிகலனையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

400 கிராம் புல்லுக்கு 1 மில்லிக்குச் சற்று மேல், வெளிர்மஞ்சளாக. அகலமான கிண்ணத்தில் பிடித்திருந்தால் அது வெறும் படலமாகப் பரவிப் போயிருக்கும். கழுத்து ஒடுங்கிய குப்பியில் பிடித்ததால் விரல் நகம் அளவுக்கு ஒரு வளையம் தெளிவாக நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் கிராம்பு. பொடியாக இடித்துப் போட்டு இரண்டு மணி நேரம் வடித்தும் மேலே ஒன்றுமே மிதக்கவில்லை, பால் மாதிரி கலங்கிய தண்ணீர்தான். மறுபடியும் ரோஜா கதைதான் என்று மனம் விட்டுப்போய்க் கொட்ட எடுத்துவிட்டேன். குப்பியைச் சாய்த்தபோது அடியில் முத்து முத்தாக ஏதோ உருண்டது. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அது மூழ்கும். கொட்டாமல் குப்பியை நிமிர்த்தி வைத்தேன்.