கால் நோயாளியின் மாத்திரைப் பை

மெடிசின் ஓ.பி.யில் பல வருடமாக நான் கவனித்து வரும் விஷயம் இது. நெஞ்சுவலி வந்தவர் கொழுப்பு மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று வருபவருக்குப் பல நேரம் யாரும் அதை எழுதிக்கொடுத்தே இருப்பதில்லை. ஆனால் இரண்டும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைக்கும் ஒரே நோய்தான். 2006-ல் வெளியான ரீச் என்ற நோயாளிகள் பதிவேட்டில் 44 நாடுகளைச் சேர்ந்த சுமார் 68,000 பேர் இருந்தார்கள். நோய் வெளிப்பட்டவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இதயம், மூளை, கால் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ரத்தக்குழாய் பாதிப்பு. இடம் கூடக்கூட மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

அப்படி ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். ஸ்டென்ட் வைத்து ஏழெட்டு வருடம், நடுவில் ஒரு பக்கவாதம், இப்போது கால். மஞ்சள் பையிலிருந்த மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டச் சொன்னேன். ஒரு கேப்ஸ்யூலில் ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, அடோர்வாஸ்டாட்டின் 10 மூன்றும் இருந்தன. அது போக ஆஸ்பிரின் தனி அட்டை. வேறொரு கம்பெனிப் பெயரில் இன்னொரு குளோபிடோக்ரெல். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள் இரட்டிப்பாக உள்ளே போகின்றன, கொழுப்பு மருந்து மட்டும் வெறும் 10 மில்லிகிராம்.

“கொழுப்பு நார்மல்னுதானே சார் லேப்ல சொன்னாங்க?” என்றார் அந்த அம்மா. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 98. லேப் தாளில் நூறுக்குக் கீழே நார்மல்தான். இவர் மாதிரி ஆட்களுக்கு 55-க்குக் கீழே வர வேண்டும் என்று 2019-லேயே ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு அடோர்வாஸ்டாட்டின் 40, கூடவே இன்னொரு கொழுப்பு மருந்தான எஸெடிமைப் 10 எழுதினேன்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ரிவராக்சபன் சேர்க்கலாமா என்பதுதான் யோசிக்க வைத்தது. 2017-ல் வந்த காம்பஸ் ஆய்வில் ஆஸ்பிரினோடு ரிவராக்சபன் 2.5 மில்லிகிராமை தினம் இருவேளை கொடுத்தபோது இதயநோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து 5.4 சதவீதத்திலிருந்து 4.1-ஆகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவோ 1.9-லிருந்து 3.1-ஆக ஏறியது. பொருத்தமானவர்களுக்கு நான் தயங்காமல் எழுதுகிறேன். இதே மருந்து 20 மில்லிகிராமிலும் கடையில் கிடைப்பதால், சீட்டில் 2.5-ஐச் சுற்றி வட்டம் போட்டுவிடுவேன். ஆனால் இந்தப் பெரியவரின் பழைய ஸ்கேனில் மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய குழாய் அடைத்த தடம் தெரிந்தது. அந்த வகைப் பக்கவாதம் வந்தவர்களை ஆய்விலேயே சேர்க்கவில்லை. சரி, வேண்டாம் என்று ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நடக்கும் தூரத்தைக் கூட்டும் சிலோஸ்டசால் மாத்திரையைப் பெரியவர் கேட்டார். எக்கோவில் இதயம் பம்ப் செய்வது குறைந்திருந்தது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது. அதற்குப் பதில் பீடியை விட்டுவிட்டு, வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொன்னேன். கேட்க எளிதாக இருந்தாலும் மருந்துக்கு நிகரான வைத்தியம் அது.

கிளம்பும்போது அந்த அம்மா மெதுவாகக் கேட்டார், “கையில காசு இல்லாத மாசம் எதை சார் விடலாம்?”

பையில் இரண்டு சத்து மாத்திரை அட்டைகள் இருந்தன. “இதை ரெண்டையும் இன்னைக்கே விட்டுடுங்கம்மா. கால் வலி குறைஞ்சாலும் கொழுப்பு மாத்திரையை மட்டும் விடாதீங்க. காசு இல்லேன்னா நேரா என்கிட்ட வாங்க” என்றேன்.