கணக்கில் வராத ஐயா

"அந்த ஐயா இந்தக் கணக்கில் வரமாட்டாங்க." காரைக்குடியில் ஒரு குடும்பத்திடம் நான் சொன்னது இது. மருத்துவப்படி சரிதான். ஆனாலும் மனசை விட்டுப் போகவில்லை.

எழுபதைத் தாண்டிய செட்டியார் அவர். மூளையில் ரத்தக்கசிவு. சிடி ஸ்கேனில் கசிவு ஆழத்தில் இல்லை, ஓரப் பகுதியில் இருந்தது. மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கும்போது மகன் கேட்டார்: "டாக்டரம்மா, எங்க ஐயாவும் இப்படித்தான் போனாக. இப்ப அப்பச்சிக்கு. அடுத்து எனக்கா?" அவர்கள் வழக்கில் அப்பச்சி என்றால் அப்பா, ஐயா என்றால் தாத்தா.

பக்கத்தில் நின்ற ஆச்சி, "அப்பச்சி பிள்ளை கூட்டி வந்தவுகள்லப்பா" என்றார். மகனுக்குத் தெரியாததல்ல. பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, அங்கே ஊரறிய நடப்பது. ஆனால் அவருக்கு ஐயா என்றால் ஐயாதான். அப்போதுதான் அந்த ஐயா கணக்கில் வரமாட்டார் என்று நான் சொன்னேன். கூடவே, "அப்பச்சி பிறந்த வீட்டில் யாருக்காவது?" என்று கேட்டேன். உடன்பிறந்த அண்ணனுக்கு வந்திருந்தது. ஆச்சி முகம் மாறிவிட்டது. வளர்த்த வீட்டை நான் விலக்கி வைத்ததாக நினைத்தாரோ என்னவோ.

கேட்காமல் எப்படி இருப்பது? ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் கசிவின் ஆபத்து ஆளுக்கு ஆள் மாறுவதில் சுமார் 44 சதவீதத்தை மரபணுக்களோடு சேர்த்தது. ஓரப் பகுதிக் கசிவென்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏ.பி.ஓ.ஈ. மரபணு. அதன் நான்காம் வகை இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் அமிலாய்டு புரதம் கூடுதலாகப் படியும். இரண்டாம் வகை இருந்தால் அப்படிப் படிந்த குழாய் உடையும் வாய்ப்பு கூடும்.

"அதுக்கு டெஸ்ட் இருக்கா?" என்றார் மகன். இருக்கிறது, இப்போது வேண்டாம் என்றேன். நான்காம் வகை அல்சைமர் என்ற மறதி நோயின் ஆபத்தையும் காட்டிக் கொடுக்கும். இருப்பவர்கள் எல்லாருக்கும் கசிவு வருவதுமில்லை. தெரிந்தாலும் மரபணுவை மாற்ற மருந்து கிடையாது. அந்த வீட்டில் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ரிப்போர்ட் எத்தனை வீடு சுற்றும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை யோசிக்க வேண்டியது நானா, அவரா? அறிந்துகொள்ளும் உரிமை அவருடையது அல்லவா? இன்றும் இந்தக் கேள்விக்கு ஒரு நாள் ஒரு பதில் தோன்றுகிறது, மறுநாள் வேறொன்று.

மகனுக்கு பிபி பார்த்தேன். 150/100. மறுபடி பார்த்தும் இறங்கவில்லை. மாத்திரை ஆரம்பித்தோம். மரபணு எதுவானாலும் கையில் இருக்கும் மருந்து அதுதானே.

ஆனால் பிபி என்று வந்துவிட்டால் ஐயா மறுபடி கணக்கில் வந்துவிடுகிறார். ரத்தம் வேறாக இருக்கலாம். அப்பச்சி வளர்ந்தது அவர் வீட்டுச் சாப்பாட்டில். அதே உப்பு, அதே ஊறுகாய், அதே வத்தல். அந்தப் பழக்கம் மகன் தட்டு வரை வந்திருக்கிறது. அண்ணனுக்கும் வந்திருப்பதால் பிறந்த வீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக இந்த வீட்டை அத்தனை எளிதாகத் தள்ளியிருக்கலாமா?

மாத்திரைக்கு வரும்போது அவர் டெஸ்ட்டைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் எடுக்கவில்லை. ஐயாவுக்கு பிபி இருந்ததா என்று மட்டும் போன தடவை கேட்டேன்.

"அந்தக் காலத்துல யாரு பார்த்தாக, டாக்டரம்மா?"