மூணாவது நம்பர்

நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒரு பக் (புரோகிராம்ல இருக்குற தப்பு) கூட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். கோ லாங்குவேஜ்ல எழுதின கோட், பத்து எலிமென்ட் இருக்குற அர்ரேல (டேட்டாவ வரிசையா வெக்குற எடம், எண்ணிக்கை 0ல ஆரம்பிக்கும்) இருந்து [2:4]னு, அதாவது இண்டெக்ஸ் 2, 3 மட்டும் தெரியுற மாதிரி, ஒரு ஸ்லைஸ் வெட்டி இன்னொரு ஃபங்ஷனுக்கு குடுத்தேன், அது பாட்டுக்கு உள்ள ஒரு அப்பெண்ட் (கடைசில புதுசா ஒண்ணு சேக்குறது) போட்டுச்சு, அவ்ளோதான், ஒரிஜினல் அர்ரேல இண்டெக்ஸ் 4ல இருந்த டேட்டா காலி. எர்ரரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல!

ஸ்லைஸோட நீளம் 2 தான், ஆனா கெப்பாசிட்டி, அதாவது அது ஆரம்பிக்குற எடத்துலேர்ந்து அர்ரே முடியுற வரைக்கும் இருக்குற இடம், 8. பின்னாடி இடம் கெடக்கேன்னு அப்பெண்ட் அங்கயே எழுதிடுது. ரெண்டு ரூம் வாடகைக்கு விட்டா வீடு முழுக்க சாமான எறக்குன கதை.

இதுக்குன்னே 2013 டிசம்பர்ல வந்த கோ 1.2ல, ஸ்லைஸ் எதுவரைக்கும் வளரலாம்னு சொல்ற மூணாவது நம்பர் சேத்தாங்க. [2:4:4]னு போட்டா கெப்பாசிட்டி 4-2, அதாவது 2லயே நின்னுடும், அதுக்கு மேல அப்பெண்ட் பண்ணா புது அர்ரே எடுத்து காப்பி பண்ணிக்கும், பழசு தப்பிச்சுது. மொத நம்பர வேணா விடலாம், மத்த ரெண்டையும் கண்டிப்பா எழுதணும். ஸ்ட்ரிங்ல (எழுத்து டேட்டா) செல்லாது.

பைத்தான்காரங்களுக்குத்தான் குழப்பம், அங்க மூணாவது நம்பர்னா ஸ்டெப் (எத்தன எத்தனயா தாவணும்னு), [::-1] போட்டா லிஸ்ட் தலைகீழா வரும் (சாதா லிஸ்டுக்கு 2003லயே, 2.3ல வந்துடுச்சு). எங்க டீம்ல புதுசா சேந்த தம்பி ரெண்டு ரெண்டா தாவும்னு நெனச்சு கோல [2:4:2] போட்டுட்டு (இங்க மூணாவது நம்பர் ரெண்டாவத விடக் கொறையக் கூடாதே) "அண்ணா கம்பைலர் திட்டுதுண்ணா"ங்குறான் 😄