பி.இ. படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியராகப் போகிறீர்களா?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை பொறியியல் என்று தனிப்பாடமே கிடையாது. பிளஸ் ஒன், பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவில்தான் அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், கட்டடப் பொறியியல் எல்லாம் வருகின்றன. அதுவும் எல்லாப் பள்ளியிலும் இல்லை. அதனால் பி.இ. படித்தவர் பெரும்பாலும் கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியராகத்தான் உள்ளே நுழைய முடியும். கைவேலையைக் காட்டும் இடம் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு உதவியில் பள்ளிகளில் நடக்கும் செய்முறைக் கூடம்) அல்லது ரோபாட்டிக்ஸ் வகுப்பு.

பி.எட். இரண்டு வருடம், அதில் 20 வாரம் பள்ளியிலேயே பயிற்சி. என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிப்படி பி.இ.யில் 55 சதவீதம் வேண்டும். பலர் இடறுவது இதற்குப் பிறகுதான். உங்கள் பிரிவு எந்தப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணையில் இருக்கிறதா? இதைப் பார்க்காமலே பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எல்லாம் முடித்து, கடைசியில் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்பது பெரிய கொடுமை. அந்த அரசாணை நகலைக் கையில் வைத்துக்கொண்டு பி.எட். சேருங்கள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டையும் நம்ப வேண்டாம்: பட்டமும் தமிழ்வழியில் இருக்க வேண்டும், பி.இ.யோ பெரும்பாலும் ஆங்கிலவழி.

டெட் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண். கணக்கும் அறிவியலும் சேர்ந்து 60தான். தமிழ், ஆங்கிலம், குழந்தை உளவியல் மூன்றும் தலா 30. பொறியியல்காரர்கள் கோட்டைவிடுவது உளவியலிலும் தமிழிலும்.

பி.எட். பீஸ் கட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கத்துப் பள்ளியில் அனுமதி கேட்டு, 40 பிள்ளைகளுக்கு ஒரே பீரியடில் எல்.இ.டி. எரியவைத்துக் காட்டுங்கள். நால்வர் வீதம் 10 குழு. 40 நிமிடத்தில் பொருள் கொடுக்க 6, திரும்ப வாங்க 8 போய்விடும். வேலைக்கு மிஞ்சுவது 26. அதில் உங்கள் பேச்சு 5 நிமிடத்தைத் தாண்டினால் பாதிக் குழு முடிக்காது.

9 வோல்ட் பேட்டரிக்கு 470 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடை) கொடுங்கள். 220 ஓம் 5 வோல்ட்டுக்கு உரியது. 9 வோல்ட்டில் அதைப் போட்டால் சிவப்பு எல்.இ.டி.யில் 30 மில்லிஆம்பியரைத் தாண்டி, சீக்கிரம் கெட்டுவிடலாம். சில பிரெட்போர்டுகளில் (சால்டர் செய்யாமல் வயர் சொருகும் பலகை) ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். இணைப்பு சரியாக இருந்தும் எரியாமல் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள், முன்னாலேயே ஒரு வயரால் இணைத்துவிடுங்கள். மல்டிமீட்டரை மில்லிஆம்பியர் அளவில் வைத்து பேட்டரியை அளந்தால் உள்ளே ப்யூஸ் போகும். மாற்று ப்யூஸ் 10 இருக்கட்டும். ஆர்டுயினோவில் (புரோகிராம் ஏற்றும் சின்ன மின்னணு போர்டு) சின்ன சர்வோ மோட்டாரை ஓடவிடும்போது போர்டு அடிக்கடி ரீசெட் ஆனால் புரோகிராமில் தேடாதீர்கள். சர்வோ தடைபட்டு நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கு ஏஏ பேட்டரியில் தனி மின்சாரம் கொடுத்து, கிரவுண்டை மட்டும் சேருங்கள். சால்டரிங் அயர்ன் (வயரைப் பற்றவைக்கும் சூட்டுக்கோல்) ஒரே மேசையில் நான்கு போதும், நீங்கள் அந்த மேசையை விட்டு நகரக்கூடாது.

பொருளைக் குழுவுக்கு ஒரு டப்பாவில், எண்ணிக்கையை மூடியில் எழுதிக் கொடுங்கள். மணி அடிக்குமுன் குழுத் தலைவரே எண்ணிப் பார்த்து மூடட்டும். அடுத்த வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருக்கும்.