வேலிக்குத் திரும்பும் வளவு: ஒரு மாரிகால நாட்குறிப்பு

2024 ஓகஸ்ட் 25, ஞாயிறு

யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் ஆறு பரப்பு (பரப்பு என்பது இங்குள்ள நில அளவை) வளவு. மின்சார இணைப்பு எடுக்காத வீடு. உறவினர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். ஆனால் 1990இல் மின்சாரம் நின்ற பின் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இது புதிய வாழ்க்கையன்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கில் படித்துத்தான் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். இன்று கூரையில் இரண்டு சோலர் தகடுகளும், ஒரு பற்றரியும், வெயில் உள்ள நேரத்தில் மட்டும் ஓடும் சிறிய கிணற்றுப் பம்பியும் இருக்கின்றன. அந்நாளோடு ஒப்பிட்டால் இது ஆடம்பரமே.

இன்று இரண்டு ஜாம் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி மண்ணைச் சோதித்தேன். தெற்கு எல்லையில் எஞ்சி நிற்கும் பழைய பூவரசின் அடியிலிருந்து ஒரு மண்கட்டியும் தோட்டத்து நடுவிலிருந்து ஒரு கட்டியும் எடுத்து, நிழலில் உலர்த்தி, மெல்லத் தண்ணீரில் இறக்கினேன். நடுத்தோட்டத்துக் கட்டி குமிழிகளை விட்டபடி ஒரு நிமிடத்துக்குள் சரிந்து, செஞ்சேறாகப் போத்தலின் அடியில் படிந்தது. பூவரசடிக் கட்டியோ ஒரு மணித்தியாலம் கழித்தும் உருக்குலையவில்லை. அதன் விளிம்பிலிருந்து மயிரிழை போன்ற வேர்கள் நீரில் அசைந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே மண்தான். ஒன்றில் வேரும் பூஞ்சண இழையும் உக்கலும் துணிக்கைகளைப் பிணைத்து வைத்திருக்கின்றன. மற்றதில் பிணைப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

2024 செப்டெம்பர் 14, சனி

பக்கத்து வளவு அப்புவிடம் போத்தல் கதையைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை.

"மதில் கட்டினது உங்கடை கொப்பர்தானே, தம்பி? அதுக்குப் பிறகு தோட்டத்துக்கு எத்தினை கடகம் குழை போட்டனியள்?"

என்னிடம் மறுமொழி இல்லை. அவர் விளக்கியதை இங்கே பதிந்து வைக்கிறேன். பனையோலை வேலி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை புதிதாக அடைக்கப்படும். கழற்றிய பழைய ஓலை தோட்டத்து மண்ணுக்குள் தாழ்க்கப்படும். கூரையிலிருந்து இறக்கிய பழங்கிடுகுக்கும் அதே வழிதான். வேலியில் கதியாலாக (நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கும் தடியாக) நின்ற பூவரசும் கிளுவையும் முள்முருக்கையும் ஆண்டுதோறும் வெட்டப்பட, குழையில் ஒரு பங்கு ஆட்டுக்கும் மறுபங்கு பாத்திக்கும் போகும். அதாவது வேலி என்பது எல்லை மட்டுமன்று, மண்ணுக்கு உணவு விளைந்த இடமும் அதுதான். அதை இடித்து மதிலும் தகரக் கூரையும் வைத்த நாளிலிருந்து நாங்கள் பசளைப் பையைத் தேடிப் போகத் தொடங்கினோம்.

போர்க்காலத்தில் வடக்குக்கு யூரியா வர விடப்படாதபோது குழைதான் கைகொடுத்தது என்றார் அப்பு. 2021இல் அரசு அசேதன (இரசாயன) பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டபோது அத்தகைய வேலிகள் அநேகமாகப் போய்விட்டிருந்தன. பல ஆண்டு பட்டினி கிடந்த மண்ணை வர்த்தமானி அறிவித்தலால் ஒரு போகத்தில் தேற்றிவிட முடியாது.

2024 ஒக்ரோபர் 9, புதன்

முன்பே சரிந்து நின்ற மேற்கு மதிலை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் அறுபது கதியால் நட்டோம். பாதி பூவரசு, மீதி சீமைக்கிளுவையும் முள்முருக்கையும். பின்னவை இரண்டும் காற்றின் நைதரசனை வேர்முடிச்சுகளில் பதிக்கும் இனங்கள். சில இடங்களில் ஒன்றரை அடி ஆழத்திலேயே அலவாங்கு சுண்ணக்கல்லில் முட்டியது. கல் கண்ட குழிகளைக் கைவிட்டுச் சற்று விலத்திக் கிண்டினோம். ஆகையால் வேலி நேர்கோடாக இல்லை.

மாலையில் எருக்கும்பியைப் புரட்டினேன். சித்திரைக்குப் பிறகு அதைத் தொடாமல் விட்டது என் பிழை. பெருவிரல் பருமனில், கபிலத் தலையோடு, வளைந்து சுருண்ட வெண்புழுக்கள் முப்பதுக்கு மேல் வந்தன. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குடம்பிகள் அவை. உக்கும் எருதான் அவற்றின் தொட்டில். கோழிகள் இராச்சாப்பாடு கேட்கவில்லை.

2024 ஒக்ரோபர் 30, புதன்

கத்தரிக் கன்றுகள் மஞ்சளித்துவிட்டன. நட்டு மூன்று வாரம் ஆகவில்லை. அடியிலைகளில் பச்சையே இல்லை. காரணம் நான்தான். காய்ந்த ஓலையைச் சிறிதாகக் கொத்தி மேல்மண்ணோடு கலந்திருந்தேன். ஓலையில் காபன் மிகுதி, நைதரசன் சொற்பம். அதை உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டதால் கன்றுக்கு ஒன்றும் கிட்டவில்லை. ஓலையை ஆழக் கிடங்கில் தாழ்க்க வேண்டும், அல்லது மண்ணுக்கு மேலே மூடாக்காகப் பரப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவே நான் செய்தது அவசர வேலை. ஆட்டெருவை ஊறவைத்து வடித்த நீரை ஊற்றியிருக்கிறேன்.

2024 நவம்பர் 8, வெள்ளி

பம்பி காலை ஒன்பதுக்குச் சோம்பலாகத் தொடங்கி, பிற்பகல் மூன்றுக்குப் பிறகு ஓய்ந்துவிடுகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதுவே நல்ல காவல் என்று தோன்றுகிறது; ஏனெனில் இங்கே வற்றாத ஆறில்லை, மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது, கணக்கின்றி இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். பாத்தியில் இடுவதும் அதே கிணற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு (பசளையும் எருவும் நீரில் விடும் நைதரசன் உப்பு) உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அந்த எல்லையை மிஞ்சியிருக்கிறது. எருவென்றால் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. பெருமழைக்கு முன் எருவை அள்ளிக் கொட்டினால், வேர் எடுப்பதற்குள் மழை அதைக் கிணற்றுக்குக் கொண்டுபோகும். ஆகவே மீதி எருவை மார்கழி கழியும் வரை மூடி வைத்திருக்கிறேன்.

2024 நவம்பர் 27, புதன்

தாழமுக்கம். விடாத மழை. பற்றரி இறங்கிவிட்டது, ஜாம் போத்தல் மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது. கிணற்றில் கப்பியால் அள்ளுகிறோம்.

மழை சற்று ஓய்ந்தபோது குடையோடு போய்ப் பார்த்தேன். மூடாக்கில்லாத பாத்தியில் கத்தரியிலைகளின் அடிப்புறமெல்லாம் செம்மண் தெறித்து, தொட்டால் நறநறவென்றது. சருகும் ஓலையும் பரப்பிய பாத்தியில் இலைகள் கழுவி வைத்தது போல இருந்தன. விரலால் ஓலையை நீக்கியபோது மண்புழு வெளித்தள்ளிய நாங்கூழ்க்கட்டிகள் சிதையாமல் கிடந்தன.

2025 ஜனவரி 12, ஞாயிறு

அறுபது கதியாலில் நாற்பத்து மூன்று துளிர்த்துள்ளன. முள்முருக்கையில் இரண்டை யாருடையதோ ஆடு கடித்துவிட்டது. மீதிக் கத்தரிக் கன்றுகள் பச்சை பிடித்துக் காய்க்கின்றன. நடுத்தோட்டத்துக் கட்டியை மறுபடி போத்தலில் இறக்கிப் பார்த்தேன்: நான்கு நிமிடம் தாங்கிற்று. ஒரு மாரிக்கு இவ்வளவுதான் என்று மனைவியிடம் சொன்னேன். அவர் கடிகாரம் பார்த்தது சரிதானா என்று கேட்டார்.

பொங்கலுக்குப் பிறகு அப்புவின் வளவில் மதில் வேலை தொடங்குகிறது. வெளிநாட்டிலிருக்கும் பேரன் காசு அனுப்பியிருக்கிறான். வேண்டாமென்று சொல்ல அவருக்கு மனமில்லை. வேலியிலிருந்து கழற்றிய ஓலை முழுவதையும் என்னை எடுக்கச் சொன்னார். இரண்டு நடையாகத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, கறையானைக் கோழிக்கு உதறிவிட்டு, வாழையடிக் கிடங்கில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மேலே ஒரு அடி மண் போட வேண்டும். இன்று பாதிதான் முடிந்தது.